வாய் திறந்த நான்கு போத்தல்கள்

வாருங்கள். பதுங்கி வர வேண்டாம். நேராக வந்து இந்த வகுப்பறை வாசலில் நில்லுங்கள். கல்முனைக் கடற்கரையை ஒட்டிய ஒரு பாடசாலை இது. பெயர் எதற்கு? உங்கள் பிள்ளை படிக்கும் பாடசாலை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பத்தாம் ஆண்டு 'சீ' வகுப்பு. வாங்குகள் நிறையப் பிள்ளைகள் இருக்கிறார்கள். காதைக் கொடுத்துக் கேளுங்கள். ஒன்றும் கேட்கவில்லை அல்லவா? அந்த ஒன்றுமில்லாமைதான் குற்றம். அதற்குத்தான் உங்களைச் சாட்சிக்கு அழைப்பது.

விஞ்ஞான ஆசிரியை றாஹிலா இடமாற்றம் பெற்று இங்கே வந்தபோது, ஆசிரியர் அறையில் எல்லோரும் அவளுக்கு இந்த வகுப்பின் பழைய கதையைத்தான் விரித்தார்கள். கணித ஆசிரியர்கள் வந்த வேகத்தில் மாறிப் போனார்கள். பாடவேளைகள் ஆளில்லாமல் கிடந்தன. பசித்த வயிறு இரைவதுபோல, கவனிப்பாரற்ற வகுப்பும் இரைந்தது. கடைசி வாங்குகள் மேசையை றபான் மேளமாக்கி முழக்கின. பர்ஸான் என்றொரு பையன் மீன் ஏலம் கூறுபவனின் குரலெடுத்து, படிப்பிக்க வந்த ஆசிரியையையே சூடை மீனாக்கிக் கூறு போட்டு விலை சொன்னான். நிப்லா என்றொரு பிள்ளை எதற்கும் 'ஏன்' என்று கேட்டாள். பதில் வரும்வரை உட்காரவும் மறுத்தாள். பிறகு, ஒழுக்காற்றுக்குப் பொறுப்பான பிரதி அதிபர் மர்சூக் ஏதோ ஒரு வேலை செய்தாராம். எல்லாம் அடங்கிவிட்டதாம்.

அடங்கித்தான் இருந்தது. முதல் நாள் றாஹிலா உள்ளே நுழைந்தபோது பிள்ளைகள் ஓசையின்றி எழுந்து ஓசையின்றி அமர்ந்தார்கள். அவளுக்கு மகிழ்ச்சிதான். தொண்டை நோகாமல் படிப்பித்து முடித்த களிப்போடு வீடு போனாள். நாட்கள் செல்லச் செல்லத்தான் அந்தக் களிப்பு குளிர்ந்தது. கேள்வி கேட்டால் பதில் இல்லை. விளங்கியதா என்றால் தலைகள் அசைந்தன. பகிடி ஒன்று சொன்னாள், ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிப்பு வந்த பிள்ளைகள் உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையின் மூலைகளைப் பார்த்தார்கள்.

அங்கே, நான்கு மூலைச் சலாகைகளிலும், பச்சைத் துணியால் கழுத்துக் கட்டிய வெறும் போத்தல்கள் தொங்கின. தீங்கு அண்டாமல் ஓதிக் கட்டும் காவல் என்று றாஹிலா எண்ணினாள். நம் பக்கத்தில் வளவுக்கும் கடைக்கும் காவல் பண்ணுவது கண்டதுதானே என்று விட்டுவிட்டாள். ஒன்றை மட்டும் அவள் கவனிக்கவில்லை. வளவுக் காவலில் போத்தலின் வாய் மெழுகால் அடைபட்டிருக்கும். இவற்றின் வாய்கள் திறந்திருந்தன.

பிள்ளைகளை எப்படியாவது பேசவைத்துவிட வேண்டும் என்று, ஒலி பற்றிய பாடத்துக்கு அவள் சோடாப் போத்தல்கள் சிலவற்றைக் கொண்டுவந்தாள். ஒவ்வொன்றிலும் வெவ்வேறு மட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றி, ஒன்றின் விளிம்பில் உதட்டை வைத்து ஊதினாள். ஊவென்று ஓசை எழுந்தது. எந்த வகுப்பும் துள்ளி எழுந்து "எனக்குத் தாங்க டீச்சர்" என்று கை நீட்டும் இடம் அது. இந்த வகுப்போ சுவரோரமாய் ஒதுங்கியது. முன்வாங்கில் இருந்த ஸப்னா காதைப் பொத்திக்கொண்டு அழுதாள். அந்த அழுகைக்கும் ஓசை இல்லை.

இடைவேளையில், தண்ணீர்க் குழாயடியில் வைத்து, பர்ஸானிடமிருந்து விஷயத்தை மெல்லக் கறந்தாள். வகுப்பறைக்கு வெளியே நின்றும் அவன் குரல் தாழ்ந்தே வந்தது. மர்சூக் சேர் மந்திரிக்கும் பரிசாரி ஒருவரைக் கூட்டிவந்து ஓதிக் கட்டிய போத்தல்களாம். உத்தரவில்லாமல் யார் வாய் திறந்தாலும் அந்தக் குரல் போத்தலுக்குள் போய்விடுமாம். போனது திரும்பாதாம்.

"காத்தடிச்சா அதுக்குள்ள எங்கட சத்தம் அழும் டீச்சர்."

"உண்ட சத்தமும் அதுக்குள்ள இரிக்கா?"

"எண்டது கிழக்கு மூலைல. மீன் விக்கிற மாதிரி இரிக்கும், கேட்டுப் பாருங்க." அவன் பகிடியாகச் சொல்லவில்லை.

போத்தலுக்குள் காற்றுத் தம்பம் அதிர்ந்துதான் ஓசை எழுகிறது என்று றாஹிலா படித்தவள், படிப்பிப்பவள். ஆயினும் அன்று பிற்பகல் அரைச்சுவரைத் தாண்டிக் காற்று நுழைந்து கிழக்கு மூலைப் போத்தல் முனகியபோது, அந்த முனகல் ஏறி, இறங்கி, மறுபடி ஏறி, யாருக்கோ எதையோ விலை கூறுவதுபோல் இருந்தது. அவள் கையிலிருந்த வெண்கட்டி முறிந்தது.

நிப்லாவின் தாய் சுஹறா ஒருநாள் பாடசாலை வாசலில் அவளை மறித்து நன்றி சொன்னாள். முன்பெல்லாம் வீட்டுக் கூரையைத் தூக்கும் பிள்ளை, வாயடங்கிப் போனாளாம், அல்ஹம்துலில்லாஹ். சொல்லிவிட்டு நகராமல் நின்றாள்.

"எண்டாலும் டீச்சர், நேத்து அடுப்புல பால் பொங்கி வழியிது. புள்ள பார்த்துக்கிட்டே நிக்காள். கூப்பிடுறாள் இல்ல. அவள்ட கண்ணப் பார்க்க எனக்குப் பயமா இரிந்திச்சி."

அந்தச் சொல்லைச் சுமந்துகொண்டே றாஹிலா மர்சூக்கிடம் போனாள். போத்தல்களை இறக்கச் சொன்னாள். அவர் கோபிக்கவில்லை, சிரித்தார். பெற்றோர் திருப்தியாம், பார்வையிட வந்த அதிகாரிகளும் பாராட்டினார்களாம், அடுத்ததாக ஒன்பதாம் ஆண்டுக்கும் கட்ட எண்ணமாம். "அமைதியா ஒரு வகுப்புக் கிடைச்சிரிக்கி டீச்சர். அல்லாட றஹ்மத் எண்டு நெனச்சிப் படிப்பிச்சிட்டுப் போங்களன்."

அவள் போத்தல்களை இறக்கவில்லை, வகுப்பை இறக்கினாள். மைதானத்துப் பூவரசின் கீழ் பிள்ளைகளை வட்டமாக இருத்தினாள். பாடத்தைத் தொடங்காமல், கடல் ஏன் இரைகிறது என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். நெடுநேரம் கழித்து ஒரு முணுமுணுப்பு, பிறகு இன்னொன்று. தூசு பட்டால் தனக்கு மூச்சு அடைக்கும் என்று ஸப்னா சொன்னாள். கடலுக்கும் அப்படித்தானோ என்று யாரோ கேட்க, ஒரு சிரிப்பு வெடித்தது. நிப்லா மட்டும் பேசவில்லை. ஆனால் அவள் உதடுகள் எதையோ உருவாக்கிப் பார்த்தன. அந்தச் சிரிப்புச் சத்தம் அலுவலகம்வரை எட்டிவிட்டது. மறுநாளே, பாடங்கள் வகுப்பறைக்குள்தான் நடக்க வேண்டும் என்று பணிப்பு வந்தது.

கச்சான் என்னும் வறண்ட மேல்காற்று தொடங்கிய நாள் அது. வயற்பக்கமிருந்து சுடுமணலைப் போல் அடித்தது காற்று. நான்கு போத்தல்களும் ஒருங்கே ஊளையிட்டன. பிள்ளைகள் தலை கவிழ்ந்திருந்தார்கள். றாஹிலா வகுப்புக்கு முதுகு காட்டி, கரும்பலகையில் காதின் படத்தை வரைந்துகொண்டிருந்தாள். அந்த ஊளையைக் கேட்காதிருக்கவே அவள் அத்தனை கவனமாக வரைந்தாள் என்றும் சொல்லலாம்.

கண்ணாடி உடைந்து சிதறும் ஓசை கேட்டுத்தான் திரும்பினாள்.

கிழக்கு மூலைப் போத்தல் தரையில் தூளாகிக் கிடந்தது. அருகே ஒரு கொம்பாஸ் பெட்டி. எறிந்த கை இறங்காமல், நிப்லா நின்றுகொண்டிருந்தாள். அவள் காலடியில் ஸப்னா விழுந்து கிடந்தாள். உதடுகள் நீலம் பாரித்து, நெஞ்சு மூச்சுக்காகத் துடித்துக்கொண்டிருந்தது. வகுப்பு முழுவதும் அவளைத்தான் பார்த்திருந்தது. எல்லோர் கன்னத்திலும் கண்ணீர் ஓடியது. எல்லோர் வாயும் இறுக மூடியிருந்தது. பர்ஸான் இரண்டு கைகளாலும் தன் வாயைப் பொத்தியிருந்தான்.

எவ்வளவு நேரமாய் அந்தப் பிள்ளை அவர்கள் கண்முன்னே மூச்சுக்குத் தவித்தாளோ, யாருக்குத் தெரியும்? ஒருவர் "டீச்சர்" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். றாஹிலா அவளை அள்ளிக்கொண்டு ஓடினாள். வீதியில் வந்த ஓட்டோ ஒன்றில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். ஸப்னா பிழைத்தாள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று டாக்டர் தொடங்கிய வசனத்தை முடிக்கவில்லை.

இனித்தான் நீங்கள் பார்க்க வேண்டிய அநியாயம். ஒழுக்காற்றுக் குழு மறுநாள் அதே வகுப்பறையில் கூடியது. ஒரு வகுப்பே ஒரு பிள்ளையின் சாவைப் பார்த்திருக்க நேர்ந்தது ஏன் என்று கேட்கவா? இல்லை. போத்தலை உடைத்தது யார் என்று கேட்க. உடைந்த போத்தலிலிருந்து எது வெளியேறியதோ, யார் வீட்டுக்குள் புகுந்ததோ என்று வாசலில் பெற்றோர் நடுங்கினார்கள். நிப்லாவுக்கு விடுகைப் பத்திரம் கொடுத்து அனுப்பிவிடுவது என்று பேச்சு எழுந்தது. சாதாரண தரப் பரீட்சைக்கு அடுத்த வருடம் தோற்ற வேண்டிய பிள்ளை. இந்த வாசல் மூடினால் அவளுக்கு வேறு வாசல் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

வகுப்பைக் குழப்பினாளா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்கள் என்றார் மர்சூக்.

"ஓம் சேர், குழப்பினாள்," என்றாள் றாஹிலா. "குழப்பாம இரிந்திருந்தா இண்டைக்கி நாம ஸப்னாட மய்யித்தோட நிண்டிருப்பம். இந்த வகுப்புல மிச்சமா இரிந்த சத்தம் அது ஒண்டுதான்."

மர்சூக் நிப்லாவின் பக்கம் திரும்பினார். "சொல்லு மகள், ஏன் உடச்சாய்?"

நிப்லா வாயைத் திறந்தாள். தொண்டை அசைந்தது. ஓசை வரவில்லை. அந்தக் கணத்தில் காற்று உள்ளே வந்தது. மிஞ்சியிருந்த மூன்று போத்தல்களும் தாழ்ந்த குரலில், கேள்வி கேட்பதுபோல் முடிவில் உயர்ந்து முனகின. அவற்றைக் கட்டுவித்த மர்சூக், அவை வெறும் கண்ணாடி என்று எவரையும்விட நன்கறிந்த மர்சூக், அண்ணாந்து பார்த்தார். அவர் முகம் வெளுத்ததை றாஹிலா கண்டாள். முடிவை வெள்ளிக்கிழமைக்கு, பெற்றோர் முன்னிலைக்கு ஒத்திவைத்துவிட்டு அவர் அவசரமாய் வெளியேறினார்.

ஆகவே, பெற்றோரே, ஊரவரே, உங்களைத்தான். ஓதச் சொல்லி நமக்கு மார்க்கம் வந்தது. ஊமையாகச் சொல்லி வரவில்லை. பிரம்பின் அமைதியையும் பயத்தின் அமைதியையும் படிப்பின் அமைதியென்று வீடுவரை வந்து மெச்சியவர்கள் நீங்கள்தான். அதைக் கலைக்க வேண்டியவர்களும் நீங்கள்தான். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் வீட்டுச் சோற்றுக்குத் திரும்பாமல் அந்த வகுப்பறைக்கு வாருங்கள். ஓர் ஏணியோடு வாருங்கள். மூன்று போத்தல்கள் இன்னும் தொங்குகின்றன; உங்கள் கையால் அவிழ்த்து இறக்குங்கள். பிறகு நிப்லாவின் முன்னால் உட்காருங்கள். அவள் வாய் திறந்து 'ஏன்' என்று கேட்கும்வரை, ஒருவரும் எழுந்து போகாதீர்கள்.