ஒன்று, இரண்டு என்று அழுதவள்

வாரிசு என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்பன் நடிகன் என்றால் பிள்ளையும் நடிகன். அண்ணன் டைரக்டர் என்றால் தம்பி ஹீரோ. மாமனார் டிவி சேனல் வைத்திருந்தால் மருமகள் செய்தி வாசிப்பாள். நிஜமாகவே நடிக்கத் தெரிந்தவன் கோடம்பாக்கத்தில் யாருக்காவது டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டிருப்பான். இதையெல்லாம் மனதுக்குள் வைத்துக்கொள்கிற ஆளும் நான் இல்லை. டீக்கடையோ பூக்கடையோ, எங்கே நின்றாலும் நாலு பேர் காதில் விழும்படி திட்டிவிட்டுத்தான் நகர்வேன்.

தர்மபுரி பேருந்து நிலையத்துக்கு நீங்கள் வந்திருந்தால் என் முகம் தெரியாவிட்டாலும் குரல் தெரியும். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. பாலக்கோடு, மாரண்டஹள்ளி, ராயக்கோட்டை வழியாக ஓசூர் செல்லும் வண்டி இன்னும் சற்று நேரத்தில் புறப்படும்." நடுநடுவே நகைக்கடை விளம்பரம், பல் டாக்டர் விளம்பரம். மாடிப்படிக்குக் கீழே இருக்கிற சின்ன அறையில் பதினோரு வருடமாக நான்தான் பேசுகிறேன். எனக்கு முன்னால் அங்கே பேசியவர் என் அப்பா, டைம் கீப்பர் நஞ்சப்பன். தொண்டையில் ஆபரேஷன் ஆகி அவர் குரல் போனதும் மைக் என் கைக்கு வந்தது. அது எப்படி வந்தது என்பதை மட்டும் நான் எந்த டீக்கடையிலும் பேசியதில்லை.

போன வருடம் மாரண்டஹள்ளிப் பக்கம் தக்காளித் தோட்டங்களில் ஒரு சினிமா எடுத்தார்கள். நான் பள்ளிக்கூடம் படித்த காலத்தில் ஊரே தலையில் தூக்கிவைத்து ஆடிய நடிகர் ஒருவருடைய மகள் பிரியதர்ஷினிதான் கதாநாயகி. வெளிநாட்டில் வளர்ந்த பெண், முதல் படம். ஷூட்டிங் பார்க்க ஊர்க்காரர்கள் வேன் வைத்துக்கொண்டு போனார்கள். நான் போகவில்லை. "அப்பன் மூஞ்சியைப் போட்டு டிக்கெட் விக்கிறாங்க, இதுக்கு நான் வேற பஸ் ஏறிப் போவணுமா?" என்றேன்.

ஆனால் படத்தின் டைரக்டரே என்னைத் தேடி வந்தார். ஏதோ ஒரு மதியம் ஓசூர் வண்டிக்காக நின்றவர், என் அறிவிப்பைக் கேட்டு வண்டியை விட்டுவிட்டு அறைக் கதவைத் தட்டினார்.

"அம்மா, எங்க ஹீரோயினுக்கு நீங்கதான் டப்பிங் பேசணும். இந்த ஊர்ப் பேச்சு, இதே குரல். எனக்கு வேற யாரும் வேணாம்."

"வேற ஆளப் பாருங்க. எனக்குப் பஸ் பேரு சொல்றதத் தவிர ஒண்ணும் தெரியாதுங்க."

"டைட்டில்ல உங்க பேரு வரும்."

அந்த ஒரு வார்த்தையில் நான் சாய்ந்துவிட்டேன். பதினோரு வருடமாக ஊர்ப் பேராகச் சொல்லியிருக்கிறேன். தொலைந்துபோன பிள்ளைகளின் பேர், பர்ஸைத் தொலைத்தவர்களின் பேர் எல்லாம் சொல்லியிருக்கிறேன். என் பேரை அந்த மைக்கில் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. ஊரில் நான் 'டைம் கீப்பர் பொண்ணு', இல்லாவிட்டால் 'பஸ் ஸ்டாண்டு அக்கா'. பெரிய திரையில் அன்பரசி என்று ஐந்தெழுத்து விழுந்தால், அதை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டால் போதும். ஆசை வெட்கம் அறியாது. அவர்கள் நீட்டிய காகிதத்தில் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன்.

சென்னையில் டப்பிங் அறை குளுகுளுவென்று இருட்டாக இருந்தது. எதிரே திரை, முன்னால் மைக், காதில் மாட்டிக்கொள்ள ஒன்று. படத்தில் அப்பா தக்காளிக் கூடைகளுக்குப் பக்கத்தில் துண்டை விரித்துப் படுத்திருப்பார். சந்தைக்குப் போகும் வண்டி வந்து நிற்கும். மகள் ஓடிவந்து எழுப்புவாள். அவர் எழுந்திருக்க மாட்டார். பேசிக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு விஷயம் புரியும். இதுதான் காட்சி.

சவுண்ட் என்ஜினியர் ஷூட்டிங்கில் பதிவான சத்தத்தை எனக்குப் போட்டுக் காட்டினார். நான் திகைத்துப்போனேன். அந்தப் பெண் வசனமே பேசவில்லை. "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு" என்று எண்ணிக்கொண்டிருந்தாள்.

"தமிழ்ல அவங்களுக்கு எண்ண மட்டும்தான் வரும். நம்பர் சொன்னா போதும், அப்புறம் டப்பிங்ல பாத்துக்கலாம்னு சொல்லிட்டாங்க. அவங்க வசனம் கத்துக்கறேன்னு கேட்டாங்களாம். நேரமில்லைன்னுட்டாங்க," என்றார் என்ஜினியர்.

நான் வாய்விட்டுச் சிரித்தேன். "அடக் கடவுளே, எண்ணத் தெரிஞ்சா கதாநாயகியா? அப்ப எங்கூர்ச் சந்தையில கூடை எண்றவங்க எல்லாம் கதாநாயகிதானுங்க!"

அவர் மறுபடி ஓடவிட்டார். இந்தத் தடவை நான் காதை விட்டுவிட்டு முகத்தைப் பார்த்தேன். பத்து வரும்போது அப்பாவின் கையைத் தொடுகிறாள். பன்னிரண்டில் கை சில்லென்று இருப்பது அவளுக்குத் தெரிகிறது. பதினைந்தில் அதை நம்பமாட்டேன் என்கிறாள். பதினேழு என்று சொல்லும்போது உதடு கோணுகிறது. பதினெட்டு என்னும்போது தொண்டைக்குழி ஏறி இறங்கி, குழந்தை மாதிரி அந்த ஆளின் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே அழுகிறாள். வெறும் பதினெட்டுதான். அதற்கு எப்படி ஒரு மனுஷி அப்படி அழ முடியும்? என் கை ரோமமெல்லாம் நின்றுவிட்டது. சிரித்த வாயை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த முகத்துக்குக் குரல் கொடுக்க எனக்கு ஒன்றரை நாள் ஆனது. அவள் மூச்சு வாங்கும் இடத்தில் நானும் மூச்சு வாங்க வேண்டும். அவள் விழுங்கினால் நானும் விழுங்க வேண்டும். பல தடவை தோற்று, கடைசியில் ஒரு தடவை, நான் பேசுகிறேனா அவள் பேசுகிறாளா என்று எனக்கே தெரியாமல் போனது. "அப்பா, வண்டி வந்துருச்சுங்க. எந்திரிங்க, போலாம்." முடிந்து விளக்குப் போட்டபோது என்ஜினியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

அவளை நான் நேரில் பார்க்கவே இல்லை. ஊருக்குத் திரும்பியதும், யார் கேட்டாலும் வாரிசுகளைத் திட்டும் என் கச்சேரியில் ஒருத்திக்கு மட்டும் விலக்குக் கொடுத்துவிட்டேன்.

படம் வெளிவருவதற்கு நாலு நாள் முன்பு ஃபோன் முழுக்க ஒரே செய்தி: 'தர்மபுரித் தமிழ் கற்று, சொந்தக் குரலில் பேசி அசத்திய நட்சத்திர வாரிசு!' நான் பதறிப்போய் பிரியதர்ஷினி அப்பாவின் மேனேஜருக்கு ஃபோன் போட்டேன்.

"டைட்டில்ல உங்க பேரு வராதுங்கம்மா. நீங்க பேசினதா எங்கயும் சொல்லவும் கூடாது. கையெழுத்துப் போட்ட பேப்பர்ல எல்லாம் இருக்கு, படிக்கலையா?" என்றான் அவன். மரியாதைக்கு ஒரு குறைச்சலும் இல்லை.

ஆத்திரத்தில் நேரே எதிரே இருக்கும் ஜவுளிக்கடைக்குள் போனேன். அங்கே சேலைப் பிரிவில் வேலை பார்க்கும் நிர்மலாவும் நானும் ஒரே பள்ளிக்கூடம். அவள் மடித்துக்கொண்டிருந்த சேலையைப் பிடித்துக்கொண்டு, பெத்தவன் பேர் இருந்தால் அடுத்தவள் குரலைக்கூடத் திருடலாம் என்று பொரிந்து தள்ளினேன்.

நிர்மலா சேலையை என் கையிலிருந்து மெதுவாக வாங்கி மடித்து வைத்தாள். "பேரு வரலைன்னா என்ன அன்பு? மைக்காவது உனக்கு வந்துச்சே," என்றாள்.

அவள் குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் என்னைக் கொன்றது. அப்பாவுக்குக் குரல் போனபோது, அறிவிப்பு ஒப்பந்தம் எடுத்திருந்தவர் எட்டுப் பெண்களை வரச்சொல்லி மைக்கில் வாசிக்கவைத்தார். அதில் முதலிடம் வந்தவள் நிர்மலா. அவள் வாசிக்கும்போது கண்டக்டர்கள் ஏறிய படியில் நின்று கேட்டார்கள். நான் ராயக்கோட்டையை இரண்டு தடவை தடுக்கினேன். மறுநாள் அவர், "நஞ்சப்பண்ணன் பொண்ணு இருக்கும்போது வேற யாருக்குங்க?" என்று மைக்கை எனக்குக் கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டேன். பதினோரு வருடமாக நிர்மலா அந்தக் கடையில் சேலை மடித்தபடி, நாள் முழுக்க என் குரலைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாள். தன் முதுகு தனக்குத் தெரியாது என்று சும்மாவா சொன்னார்கள்.

படம் வந்த முதல் நாள் பகல் காட்சிக்குப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். டைட்டிலில் சமையல்காரர் பேர், டிரைவர் பேர்கூட ஓடியது. என் பேர் இல்லை. சரி போ என்று கையைக் கட்டிக்கொண்டேன். பிறகு அந்தக் காட்சி வந்தது. திரையில் அவள் அப்பாவை உலுக்கி, "வண்டி வந்துருச்சுங்க. எந்திரிங்க, போலாம்" என்றதும், எனக்கு மூன்று வரிசை முன்னால் ஒரு பெரியவர் மஞ்சப்பையைத் தூக்கிக்கொண்டு விசுக்கென்று எழுந்து நின்றுவிட்டார். அவரைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் எழுந்தார்கள். வருடக்கணக்காக அந்தக் குரல் சொன்னதும் எழுந்து வண்டி ஏறியவர்கள். அப்புறம்தான் தாங்கள் தியேட்டரில் இருப்பது ஞாபகம் வந்தது. ஆனால் ஒருவரும் சிரிக்கவில்லை. நின்றவர்கள் நின்றபடியே திரையைப் பார்த்து அழுதார்கள்.

அதற்குப் பிறகு ஊர் வாயை எதை வைத்து மூடுவது? "அக்கா, அது நீதான?" என்று பஸ் ஸ்டாண்டே கேட்டது. "நானில்லைங்க" என்று சொல்லிச் சொல்லி என் வாய் வலித்தது.

மூன்றாம் நாள் பகல் காட்சிக்குப் பிரியதர்ஷினியே வந்தாள், தியேட்டரில் ரசிகர்களைப் பார்க்க. ஊரில் எந்த விழாவுக்கும் மைக்கில் பேசுகிறவள் நான்தான் என்பதால், தியேட்டர்காரர் என்னையே வரவேற்புரைக்குக் கூப்பிட்டார். படம் முடிந்து விளக்குப் போட்டதும் திரைக்கு முன்னால் மேடை ஓரமாக நின்று, எழுதிக் கொடுத்தபடி இன்னார் மகள், இன்னார் மகள் என்று மூன்று தடவை அப்பன் பேரைச் சொல்லி அவளை அழைத்தேன்.

என் முதல் வார்த்தையிலேயே, நடந்து வந்துகொண்டிருந்தவள் நின்றுவிட்டாள். கூட்டத்தைப் பார்க்காமல் என்னையே பார்த்தாள். சின்ன உருவம், பருத்திச் சுடிதார், திரையில் பார்த்த அதே தொண்டைக்குழி. தன் படத்தை எத்தனை தடவை பார்த்திருப்பாளோ, அவளுக்குத் தெரியாத குரலா அது?

"டயலாக்! டயலாக்!" என்று தியேட்டர் கத்தியது. மேலேயிருந்து ஒருவன், "சொந்தக் குரல்ல பேசும்மா, பாப்பம்!" என்றான். கொல்லென்று சிரிப்பு. மூலையில் நின்ற மேனேஜர், வேண்டாம், கும்பிட்டுவிட்டு இறங்கு என்று கையைக் காட்டினான். அவள் மாட்டிக்கொண்டாள். நான் மட்டும் வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், என் பேரைத் தின்றவர்கள் நாறிப்போவார்கள். உண்மையைச் சொல்கிறேன், ஒரு நொடி அதற்கு ஆசைப்பட்டேன்.

அவள் தனக்கென்று வைத்திருந்த இன்னொரு மைக்கை எடுத்தாள்.

"ஒண்ணு," என்றாள். "ரெண்டு. மூணு."

சிரிப்பு இன்னும் பெரிதானது. அவள் நிறுத்தவில்லை. தரையில் உட்கார்ந்து, அங்கே இல்லாத ஒருவரின் கையைத் தொட்டு எண்ணிக்கொண்டே போனாள். பத்து வரும்போது சிரிப்பு நின்றது. பதினைந்து வரும்போது தியேட்டரில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் கேட்டது. பதினேழில் அதே மாதிரி உதடு கோணியது. பதினெட்டில் அழுதாள். எனக்கு எது பேப்பர், எது கையெழுத்து எல்லாம் மறந்துவிட்டது. அவள் மூச்சு வாங்கினாள், நானும் வாங்கினேன். "அப்பா, வண்டி வந்துருச்சுங்க. எந்திரிங்க, போலாம்."

தியேட்டர் முழுக்க எழுந்து நின்றது. கைதட்டல்கூட இல்லை. எழுநூறு பேர் வாய் பேசாமல் நிற்பதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அவள் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். யாரோ எழுதிக் கொடுத்த தமிழ் இல்லை அது, இதற்குள் கற்றுக்கொண்ட கொஞ்சத்தை வைத்துத் தட்டித் தடவி அவளே பேசினாள். "முகம் நான். குரல் இவங்க. நான் பேசினேன்னு சொன்னது பொய். இவங்க பேர் என்னன்னு கேட்டேன், யாரும் எனக்குச் சொல்லல." என் பக்கம் திரும்பினாள். "அக்கா, உங்க பேர் என்ன?"

மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டான். இருபத்திரண்டு வயதுப் பெண். அப்பன் பேரில் கிடைத்ததையெல்லாம் ஒரே நிமிடத்தில், ஊர் பார்க்கக் கீழே வைத்துவிட்டாள். பதினோரு வருடமாக என்னால் முடியாததை அவள் எண்ணுகிற நேரத்தில் செய்துவிட்டாள். அவளைப் பார்த்து எனக்கு மலைப்பாகவும் இருந்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

நான் மைக்கை வாயருகே கொண்டுபோனேன். பழக்கம்தான் முந்திக்கொண்டது. "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று ஆரம்பித்துவிட்டேன். தியேட்டரே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். அப்போதுதான் மூன்றாவது வரிசையில், கடைச் சீருடையோடு நிர்மலா நிற்பதைப் பார்த்தேன்.

"என் பேரு அன்பரசிங்க. டைம் கீப்பர் நஞ்சப்பன் பொண்ணு. அந்தப் பேருக்காகத்தான் பஸ் ஸ்டாண்டு மைக்கு எனக்குக் கெடைச்சுது. அன்னிக்கு எட்டுப் பேரு வாசிச்சோம். மொதல்ல வந்தது நானில்லைங்க. மொதல்ல வந்தவங்க அந்தா, மூணாவது வரிசையில நிக்கிறாங்க. அவங்க பேரு நிர்மலா."

எழுநூறு தலைகளும் அவள் பக்கம் திரும்பின. நான் மேடையிலிருந்து இறங்கிப் போய் மைக்கை அவளிடம் நீட்டினேன்.

நிர்மலா அதை வாங்குவதற்கு முன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு வாங்கி, தொண்டையைச் செருமி, தடுக்காமல் சொன்னாள்: "பாலக்கோடு, மாரண்டஹள்ளி, ராயக்கோட்டை வழியாக ஓசூர்."