வான்மதி கேட்ட தேதி

பிளெய்ன்ஸ்பரோவில் எங்கள் அபார்ட்மெண்ட்டில் யாருக்கு நல்ல செய்தி வந்தாலும் நான் கேசரி கிண்டிவிடுவேன். கிரீன் கார்டு வந்தாலும் கேசரி, பிள்ளை டிரைவிங் டெஸ்ட் பாஸானாலும் கேசரி. அப்படியிருக்க, என் மருமகள் வான்மதியின் தண்டனையை ரத்து செய்துவிட்டார்கள் என்றதும் சும்மா இருப்பேனா?

வான்மதி கவுண்டி ஆபீஸில், நம்மூர் மாவட்ட அலுவலகம் மாதிரி, பாலங்களைப் பரிசோதிக்கும் இன்ஜினியர். போன வருட மழையில் ஒரு சின்னப் பாலத்தின் அடியில் மண் அரித்திருந்தது. மேலதிகாரியைக் கேட்காமல் அதை மூடிவிட்டாள். ஸ்கூல் பஸ்ஸெல்லாம் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. அதிகாரம் மீறினாள் என்று சஸ்பெண்ட் செய்தார்கள். அந்த நேரம் பார்த்து சீனியர் இன்ஜினியர் பதவி காலியானது. வரிசையில் முதலில் இருந்தவள் இவள்தான். தண்டனை இருக்கிறதே என்று இவளைத் தாண்டி அடுத்திருந்த அச்சுதனுக்குக் கொடுத்துவிட்டார்கள். அச்சுதன் எங்கள் எதிர் பிளாக். தினமும் இரண்டு பேரும் அவன் காரில்தான் ஆபீஸ் போவார்கள்.

அப்பீலில், பாலத்தை மூடியது சரிதான் என்று தீர்ப்பு வந்தது. பிளாக் முழுக்கக் கேசரி கொடுத்துவிட்டு அவளிடம் வந்தேன்.

"வாயைத் தொற கண்ணு."

"வேண்டாங்க அத்தை. தண்டனையத்தான் எடுத்திருக்காங்க. அதனால போனதத் திருப்பித் தரலையே."

அதற்குள் லிஃப்டில் பார்த்தவர்களெல்லாம், "புரமோஷன் ட்ரீட் எப்போ?" என்று அவளைக் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். எல்லாம் என் கேசரி செய்த வேலை.

மறுநாள் காலை காபிக்கு வந்த அச்சுதனிடம் அவளே சொன்னாள்.

"அச்சுதன், புரமோஷன் கேட்டு மறுபடி அப்பீல் பண்ணப் போறேன். வேற யாராவது சொல்லி உங்களுக்குத் தெரியக்கூடாது."

"என்னைப் பதவியிலேருந்து இறக்கிடுவாங்களா?"

"உங்க போஸ்ட்டக் கேக்கலைங்க. எனக்கு வர வேண்டியது, வர வேண்டிய தேதியில வரணும்."

"இருந்தது ஒரே போஸ்ட்தானே வான்மதி?"

காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனான். அடுத்த நாள் அவன் கார் வரவில்லை. அவள் தனியாக டிரைவ் பண்ணிக்கொண்டு போனாள்.

கொஞ்ச நாளில் ஆபீஸில் இறங்கி வந்தார்கள். இன்னொரு இடம் காலியாகிறது, இந்த மாதத்திலிருந்து புரமோஷன் எடுத்துக்கொள், அப்பீலை விட்டுவிடு என்றார்கள். நான் அடுப்பில் வாணலியை வைத்துவிட்டேன்.

"அம்மா ரவைய வறுக்க ஆரம்பிச்சாச்சு. ஓகே சொல்லிடு வான்மதி," என்றான் என் மகன் முகிலன்.

"இந்த மாசத் தேதி போட்டா அச்சுதன் எனக்கு சீனியர். அடுத்த புரமோஷன்லயும் அவர் முன்னாடி, நான் பின்னாடி. தப்பே இல்லைன்னு சொல்லிட்டு, தண்டனைய மட்டும் ரிட்டயர் ஆகற வரைக்கும் அனுபவிக்கச் சொல்றாங்க. முடியாது."

கிடைத்தவரை லாபம் என்று நானாயிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். இவளைப் பார்க்கப் பார்க்க எனக்கு நிமிர்ந்து உட்காரத் தோன்றியது. அடுப்பை அணைத்தேன்.

"பாட்டி, நோ கேசரி?" என்றாள் பேத்தி கயல்.

"உங்கம்மா சொல்லட்டும்."

விசாரணை நாளும் வந்தது. தேதியை மாற்றினால் அச்சுதனுக்கு அநியாயம் என்று ஆபீஸ் தரப்பு வாதாடி, அவனையே சாட்சிக்குக் கூப்பிட்டார்களாம். அவன் சொன்னதை வான்மதி வந்து அப்படியே சொன்னாள்.

"'எனக்கு வருத்தமே இல்லைன்னு சொன்னா பொய். ஆனா அந்தப் பாலத்த நானா இருந்தாலும் மூடியிருப்பேன். வரிசையில அவங்கதான் எனக்கு முன்னாடி'ன்னுட்டாருங்க அத்தை."

பிறகு உத்தரவு வந்தது. அச்சுதன் பதவி அவனுக்கே. வான்மதிக்கும் அதே பதவி, அவனுக்குக் கொடுத்த அதே தேதியிலிருந்து. சீனியாரிட்டியில் அவள் முன்னால்.

இந்தத் தடவை நான் அடுப்புப் பக்கமே போகவில்லை. வீட்டுக்குள் வந்தவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்.

"அத்தை, ரவை எங்கீங்க?"

அவளே கிண்டினாள். முதல் டப்பா எதிர் பிளாக்குக்குப் போனது.

காலையில் கீழே ஹாரன் சத்தம். ஜன்னலைத் திறந்தேன். அச்சுதன் காலி டப்பாவைத் தூக்கிக் காட்டினான்.

"ஆன்ட்டி, சீனியர் மேடத்தச் சீக்கிரம் வரச் சொல்லுங்க, லேட்டாகுது! அப்புறம், கேசரி பூரா கட்டி. அடுத்த தடவ நீங்களே பண்ணுங்க!"