மூன்றையும் சேர்ப்பவள்

“பாட்டுல என் பேரையும் போடுங்க அண்ணா.”

இதை மட்டும் கேட்கவே கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள். கிடர்பூர் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். வாயைத் திறந்து வேலையைக் கெடுத்துக்கொள்வேன் என்று அவளுக்குப் பயம்.

அஷ்வத் அண்ணா நாற்காலியைத் திருப்பினார். காளிகாட் சந்தில் அவருடைய படுக்கையறைதான் ஸ்டூடியோ. தாளம் ஒரு மென்பொருளில், குரல் இன்னொன்றில், மிக்ஸிங் மூன்றாவதில். ஒன்றின் வேகத்தைத் தொட்டால் மற்ற இரண்டும் விலகி ஓடும். மூன்றையும் கட்டி மேய்ப்பது என் வேலை. பூஜைத் திருவிழாவுக்கு வெளியிடும் இந்தப் பாட்டைக் கேட்டுக் கேட்டுக் காதே மரத்துவிட்டது.

“ஆரே பாபா, நீ என்ன டியூனா போட்ட? நாளைக்கு கம்ப்யூட்டரும் பேரு கேக்கும்!”

“நேத்து நான் வரலைன்னதும் ரெக்கார்டிங்கை ஏன் நிறுத்தினீங்க? கம்ப்யூட்டர் இருந்துச்சே?”

“டயர்டா இருக்க. போய் டீ சொல்லிட்டு வா.”

எனக்குக் கோபம்கூடச் சோர்ந்துதான் வந்தது.

“எல்லா டிராக்கையும் காலையிலேயே தனித்தனி ஆடியோவா எடுத்து வச்சிட்டேன். இனி எந்த சாஃப்ட்வேர்ல திறந்தாலும் சேர்ந்து ஓடும். நான் தேவையில்லை.”

“காலையிலேயேவா? அப்புறம் எதுக்கு இப்ப கேட்ட?”

“கேட்காமப் போனேன்னு இருக்கக் கூடாதுல்ல.”

ஹெட்ஃபோனைக் கொக்கியில் மாட்டிவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு சந்தில் இறங்கினேன்.