பானைக்கு அடியில ஒரு பெட்டி

எங்க கடப்புறத்து ஆம்பளைங்க குருசடி முன்னால பொய் சொல்ல மாட்டானுவ. அதுக்குன்னு ஒரு இடம் வச்சிருக்கானுவ, வயர்லெஸ். அந்த மைக்கக் கையில எடுத்ததும் ஒருத்தனுக்கும் உள்ளது வாயில வராது. "மச்சான், எங்க நிக்கே?"ன்னு ஒருத்தன் கேப்பான். மத்தவன் வலை கிழிய கணவா மீன வச்சுக்கிட்டு, "சும்மா கெடக்கேன்லே, ஒரு எளவும் இல்ல"ன்னு சொல்லுவான். கேக்குதவனுக்கும் அது பொய்யின்னு தெரியும். இந்த லட்சணத்துல ரெண்டு பேரும் மாதாவுக்கு தோத்திரம் சொல்லிட்டு மைக்க வைப்பானுவ.

நான் ராகேல். எனக்க மாப்பிள ததேயுசுக்கு ஸ்ராங்கு வேலை, படகு ஓட்டுதது. தேங்காப்பட்டணத்துல கெடக்குத படகு. எனக்க தம்பி ஜெப்சனும் அதுலதான் போவான். வீட்டு மாடியில கம்பி நாட்டி, அடுக்களையில ஒரு வயர்லெஸ் செட்டு வச்சிருக்கோம். அரிசி கழுவும்போதும் அது கூவிக்கிட்டே கெடக்கும்.

கடலுக்கு அடியில பாறக்கூட்டம் கெடந்தா அதுக்குப் பேரு பாரு. பாரு இருந்தா மீனு இருக்கும். ததேயுசுக்கு அப்பிடி ஒரு பாரு கெடைச்சுது, நாலு வருசம் முன்னால. அண்ணையிலேருந்து அந்த மனுசன் ராஜ ரகசியம் காக்குத மந்திரி மாதிரி நடந்தாரு. எங்க நிக்கேன்னு வயர்லெஸ்ல சொல்லணும்னா கள்ளக் கணக்குதான் சொல்லுவாரு. "ஏட்டி, ஒனக்கு மட்டும் சொல்லுதேன். வடக்குக் கணக்குல டிகிரிக்குப் பொறவு நான் சொல்லுத மினிட்டுல பன்னெண்டக் கொறச்சா நான் உள்ள இடம். ஒரு மினிட்டுன்னா ஒரு கடல் மைலு. ஒருத்தருட்டயும் மிண்டப்பிடாது" என்றாரு.

எனக்கு அப்ப எம்புட்டுப் பெருமை! கடல்ல நிக்குத அத்தனை பயலுவளும் ஏமாந்து கெடக்கானுவ, உள்ளது தெரிஞ்சவ நான் ஒருத்தி. ஒரே ஒரு வாட்டி, வாய் அடங்காம, ஜெப்சனுக்க பெண்டாட்டி பிந்துகிட்ட அதச் சொல்லிட்டேன்.

போன வருசம் சர்க்காரு படகுக்கெல்லாம் பெட்டி தரப்போவுதுன்னு பங்குக் கோயில் மண்டபத்துல கூட்டம் போட்டாவ. சபிதான்னு ஒரு பிள்ள வந்திச்சு, சுசீந்திரத்துக்காரி, ஒப்பந்த வேலை. படம் போட்டு விளக்கிச்சு. வானத்துல சாட்டிலைட்டு இருக்கு, அது நாம நிக்குத இடத்தச் சொல்லும். ஆனா சிக்னலு மேலேருந்து எறங்கி வரும்போது கொஞ்சம் பெசகும். தரையில அங்கங்க ஸ்டேசன் வச்சு, எம்புட்டுப் பெசகுதுன்னு அளந்து, திருத்தத்த இன்னொரு சாட்டிலைட்டு வழியா திரும்ப அனுப்புவாவளாம். மழைக்காருல விமானம் தரையத் தட்டாம எறங்கணும்னு வச்ச ஏற்பாடாம் அது. இப்ப ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் கொண்டுவாராவ, படகுக்கும் கெடைக்கும்னு சொல்லிச்சு. பெட்டி அந்தத் திருத்தத்த வாங்கி, படகு நிக்குத இடத்தத் தானே கரைக்கு அனுப்பும்.

"பதினஞ்சு மீட்டரு பெசகுனது மூணு மீட்டருக்குள்ள வந்துரும்" என்று அந்தப் பிள்ள சந்தோசமாச் சொல்லிச்சு.

மண்டபத்துல எல்லாவனுக்க மூஞ்சியும் கறுத்துப்போச்சு. மூணு மீட்டரா? அப்ப எனக்க பாருக்க உச்சியிலல்லா வந்து நிப்பான் மத்தவன்! கண்டிப்பா அதுதான் நெனப்பு. உசிரு பொழைக்கும்னு ஒருத்தனும் நெனைக்கல்ல. பதினஞ்சு மீட்டரே அதிகம், அம்பது மீட்டரு பெசகுனா இன்னும் கொள்ளாம்னு நெனச்ச கூட்டம்.

"இந்தக் கணக்கு யாரு யாரு பாப்பாவ?"ன்னு ததேயுஸ் எழும்பிக் கேட்டாரு.

"கட்டுப்பாட்டு அறை பாக்கும் அண்ணா. வீட்டுல உள்ளவங்களும் போன்ல பாக்கலாம்."

"அறையில இருக்கவன் மனுசன்தானே. அவனுக்கும் ஒரு மச்சினன் இருப்பான், அவனுக்கும் ஒரு படகு இருக்கும்" என்றாரு எனக்க மாப்பிள. மண்டபம் முழுக்க கைதட்டு. மூளை உள்ளவன் பேசிட்டானாம்! அந்தப் பிள்ளைக்க முகத்தப் பாக்க எனக்கே பாவமா இருந்திச்சு. ஆனா நானும் சேந்துதான் கைதட்டுனேன்.

பெட்டி வைக்காத படகு கடலுக்குப் போகப்பிடாதுன்னு சட்டம். அதனால எல்லாவனும் வாங்கி, வானம் பாக்கணும்னு ஸ்ராங்கு நிக்குத வீல்ஹவுசுக்க கூரையில ஆணி அடிச்சு மாட்டுனானுவ. பச்ச லைட்டு எரிஞ்சா சிக்னலு கெடைக்குதுன்னு அர்த்தம். சபிதா ஒவ்வொரு படகா ஏறிப் பாத்துட்டுப் போச்சு.

தொறைய விட்டு வெளிய போன ஒடனே எனக்க மாப்பிள சோத்துப்பானைய எடுத்து பெட்டிக்க மேல கவுத்துக் கெட்டிட்டாரு. அலுமினியப் பானை, அதுக்குள்ள சிக்னலு வராது, போவாது. இவரு மட்டுமில்ல, நாலஞ்சு பேரு ஒண்ணு போல செஞ்சானுவ. ஒருத்தன் இரும்பு வாளி. ஒருத்தன் தகரத்த மடக்கிக் குல்லா மாதிரி. சந்திரனுக்கு ராக்கெட்டு விடுத நாட்டுல, சாட்டிலைட்ட எங்க ஆளுவ பானையக் கொண்டு ஜெயிச்சானுவ.

எனக்க போன்ல படகு ஒரு நீலப் புள்ளி. அது தொறை வாசலத் தாண்டி அரை மைலுல நிக்கும். மூணு வாரம் எனக்க மாப்பிள தொறை வாசல்லயே மீன் புடிச்சாரு. நான் அத பிந்துகிட்ட காட்டிச் சிரிச்சேன்.

அண்ணைக்குச் செவ்வாக்கெழம, மத்தியானம் ஒரு மணி. மழைக்காரு கட்டியிருந்திச்சு. மரச்சீனி அவிச்சுக்கிட்டு நிக்கேன், செட்டுல ததேயுசுக்க சத்தம். இதுக்கு முன்னால கேக்காத ஒரு சத்தம். வலைக்கயிறு படகுக்கு அடியில உள்ள விசிறியில சுத்திப்போச்சு, எஞ்சின் நின்னுபோச்சு, அறுக்கதுக்கு ஜெப்சன் கத்தியோட குதிச்சான், முறுகுன கயிறு அறுந்ததும் விசிறி திரும்பி அவனுக்க கால அடிச்சுப்போட்டு. முட்டுக்குக் கீழ எலும்பு வெளிய தெரியுது. ரெத்தம் நிக்கல்ல. மிச்சக் கயிறு இறுகிக் கெடக்கு, படகு அனங்காது.

அவன் எனக்க ஒரே தம்பி. அம்மை செத்தப்ப அவனுக்கு ஏழு வயசு, நான்தான் சோறு ஊட்டுனேன்.

கரையில உள்ள கட்டுப்பாட்டு அறையிலேருந்து கேட்டாவ, "இடம் சொல்லு, இடம் சொல்லு, ஹெலிகாப்டரு வருது."

அந்த மனுசன் இடம் சொன்னாரு. "வடக்கு ஏழு டிகிரி, முப்பத்தெட்டு மினிட்டு." கெழக்குக் கணக்கும் சொன்னாரு.

சட்டுன்னு எனக்கு மனசிலாச்சு. இது கள்ளக் கணக்கு. எனக்க தம்பி ரெத்தம் ஒழுகிக் கெடக்கான், இந்த ஆளு பாரக் காக்குதாரு! நாப்பது படகும் கேக்குதே, உள்ளதச் சொன்னா நாளைக்கு எல்லாவனும் வந்துருவானே! தூ, நீயெல்லாம் ஒரு மனுசன்.

நான் மைக்க எடுத்தேன். "இது ததேயுசுக்க வீடு. அவரு சொன்னது பொய்யி. முப்பத்தெட்டு இல்ல, இருபத்தாறு. நான் அவருக்க பெண்டாட்டி, எனக்குத் தெரியும். எல்லாவனும் கேட்டுக்கிடுங்க, இருபத்தாறு!"

சொல்லி முடிச்சதும் நெஞ்சு நெறஞ்சுபோச்சு. நாப்பது படகு பொய்யனுவ நடுவுல உள்ளதச் சொன்ன ஒருத்தி. ததேயுசும் மிண்டல்ல. நாணக்கேடு, அதான் மிண்டலன்னு நெனச்சேன்.

ஹெலிகாப்டரு இருபத்தாறுக்குப் போச்சு. படகு இல்ல. சுத்திச் சுத்தித் தேடுச்சு. கால் மணி, அரை மணி, ஒரு மணி. நான் செட்டுல கத்துதேன், "ஒழுங்காப் பாருங்க, அங்கதான் நிக்காவ!" பிந்து எனக்க காலடியில இருந்து ஜெபமால உருட்டுதா.

ஒன்றரை மணி நேரம் கழிச்சு எனக்க போன்ல நீலப் புள்ளி குதிச்சுது. தொறை வாசல்லேருந்து ஒரே தாவு. ஏழு டிகிரி, அம்பது. கட்டுப்பாட்டு அறையிலயும் அத ஒடனே பாத்துட்டாவ. ஹெலிகாப்டரு வடக்க திரும்பி, கொஞ்ச நேரத்துல ஜெப்சனத் தூக்கிச்சு. கொளச்சல்ல எறக்கி, நெய்யூர் ஆசுத்திரிக்குக் கொண்டுபோனாவ.

உசிரு பொழைச்சான். காலு போச்சு. ஒரு மணி நேரம் முந்திக் கெடைச்சிருந்தா கால வச்சிருக்கலாம்னு டாக்டரு சொன்னாரு.

நாலாம் நாளு ஜெப்சன் வாய தொறந்தான். அப்ப வார்டுல நானும் அவனும்தான்.

"அக்கா, அத்தான் கணக்க மாத்தி மூணு மாசம் ஆச்சு. பிந்து அவளுக்க வீட்டுல சொன்னது சுத்திச் சுத்தி அத்தான் காதுக்கு வந்துபோச்சு. இப்ப கொறைக்கப்பிடாது, கூட்டணும். முப்பத்தெட்டுன்னா அம்பது."

நான் சும்மா இருந்திருந்தா ஹெலிகாப்டரு பன்னெண்டு மைலு தள்ளிப் போயிருக்கும். நான் வாய தொறந்து அத இருபத்திநாலு மைலு தள்ளி அனுப்பிப்போட்டேன்.

"நீ சொன்னது படகுல கேட்டுது. அத்தான் மைக்கக் கையில வச்சுக்கிட்டே நின்னாவ. 'நல்லதாப் போச்சு, இனி எல்லாவனும் இருபத்தாறுக்குத்தான் போவான்'னு சொன்னாவ. ஹெலிகாப்டரு நம்ம தலைக்கு மேலதானே போவும், நம்மளப் பாத்துருவான்னு நெனச்சாவ. மேல போச்சுக்கா. மேகத்துக்குள்ள சத்தம் கேட்டுது. தெக்க போயிட்டு."

"பொறவு யாருலே உள்ளதச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லல்ல. காலக் கழுவ வெந்நீரு வேணும்னு தங்கையன் பானைய எடுத்தான்." தங்கையன் படகுல சமைக்குதவன். "அம்புட்டுதான். பெட்டி வானத்தப் பாத்துது."

நான் சீலைய வாயில அடச்சுக்கிட்டு அழுதேன். அவன் என்னத் தேத்துனான், காலு போனவன்.

அண்ணைக்குச் சாயங்காலம் சபிதா வந்திச்சு, கையில ஒரு பேப்பரு. ததேயுஸ் கட்டிலுக்குத் தலைமாட்டுல மடிச்சுக் கெட்டுன சாரத்த இறக்கி விட்டுட்டு, மூஞ்சியத் தொங்கப் போட்டு நின்னாரு. அந்த மூஞ்சியில துப்பணும் போல வந்திச்சு எனக்கு.

"மூணு வாரம் கடல்ல உங்க பெட்டி சிக்னல் அனுப்பல்ல. பெட்டி கோளாறா, இல்ல யாராவது மறைச்சீங்களான்னு மேல கேக்குறாங்க" என்று அந்தப் பிள்ள சொல்லிச்சு. "மறைச்சதுன்னா படகுக்கு லைசென்ஸ் போயிரும். கோளாறுன்னா, எல்லாம் ஒரே பெட்டிதானேன்னு நாப்பது படகு பெட்டியையும் கழட்டிருவாங்க. எனக்க வேலையும் போயிரும், அது கெடக்கட்டும். எனக்கு உள்ளது தெரிஞ்சா போதும்."

ஜெப்சன் ததேயுசப் பாத்தான். பொறவு என்னப் பாத்தான், எனக்க கழுத்துல கெடக்குத தாலியப் பாத்தான்.

"பெட்டி கோளாறுதான் மேடம். அண்ணைக்கு என்னமோ தானே சரியாச்சு" என்றான்.

சபிதா எழுதல்ல. பேனாவ வச்சுக்கிட்டு எனக்க பக்கம் திரும்புச்சு. "அக்கா, அண்ணைக்கு வயர்லெஸ்ல அத்தனை பேரு முன்னால உங்க வீட்டுக்காரரு சொன்னது பொய்யின்னு சொன்னீங்களாமே. ரிக்கார்டு கேட்டேன். இந்தக் கடப்புறத்துல நான் உங்க வாய ஒண்ணத்தான் நம்புவேன். தொறைக்குள்ள பெட்டி இடம் அனுப்பாது, ஆனா நல்ல பெட்டின்னா லைட்டு எரியும். மூணு வாரமும் படகு தொறைக்கு வந்து கெடந்தப்ப அந்தப் பச்ச லைட்டு எரிஞ்சுதா?"

எரிஞ்சுது. ஒவ்வொரு வாட்டியும் தொறைக்குள்ள வந்ததும் பானைய எடுத்துருவாவ, லைட்டு கிளிப்பச்சையா எரியும். மீன் எடுக்கப் போகும்போது நான் கண்ணால கண்டது.

"எரியல்ல மக்ளே" என்றேன்.

அந்தப் பிள்ள அத எழுதிச்சு. பேப்பர நீட்டுச்சு, நான் கையெழுத்துப் போட்டேன். பேப்பர மடிச்சுப் பையில வச்சுக்கிட்டு, எனக்க கையப் பிடிச்சு, "நீங்களாவது உள்ளதச் சொன்னீங்களே, நன்றி அக்கா" என்று சொல்லிட்டு எறங்கிப் போச்சு.