உடம்பில் இரும்பு உண்டா?

அன்னலட்சுமிக்கு இருப்புக் கொள்ளவில்லை. கிளினிக் வாங்கிலில் இருந்தாள், எழும்பினாள், திரும்பவும் இருந்தாள். பக்கத்தில் புருசன் இராசதுரை, நாலு எட்டு நடந்த களையில் வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். துறைமுகத்தில் மூட்டை சுமந்த மனுசன்! எதிர் வாங்கிலில் கையில் பிளாஸ்தரோடு ஒரு பொலிஸ்காரன்.

அவருக்கு இதயத் தசை பெருத்துத் தளர்ந்து போச்சாம். எவ்வளவு தூரம் செயலிழந்திருக்கிறது என்பதைக் கொழும்பில் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்துத்தான் மருந்தைத் தீர்மானிக்கலாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். அதற்கொரு படிவம். நேற்றே நிரப்பிவிட்டாள். உடம்பில் உலோகத் துண்டு ஏதும் உண்டா? இல்லை. அதிலென்ன யோசனை? தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் ஷெல் துண்டொன்று அவருடைய இடது தோளுக்குள் போய்க் குடியிருந்தது. ஷெல் காயத்தோடு ஒரு தமிழனைக் கண்டால் செக்பொயின்ற்றில் புலியென்று பிடிக்காமல் சும்மா விடுவார்களா? பதினேழு வருசமாக யார் கேட்டாலும் இல்லை. கொதிக்கிற வெயிலில் மூட்டை தூக்கும்போதும் மனுசன் சேட்டைக் கழற்றியதில்லை.

நேர்ஸ் நபீஸா படிவத்தைப் பார்த்தாள்.

"வடிவா யோசிச்சுச் சொல்லுங்க அக்கா. அந்த மெசின் பெரிய காந்தம். உள்ளுக்கு இரும்பு கிடந்தா இழுக்கும், சுடும். ஒண்டுமில்லையா?"

பொலிஸ்காரன் தலையை நிமிர்த்தினான்.

"இல்லை." வாய் முந்திக்கொண்டது.

சீ, இதுவும் ஒரு வாயா! நபீஸா முத்திரை குத்திக் கொடுத்தாள். கேற்றடிக்கு வருவதற்குள் இராசதுரை இரண்டு தரம் நின்றார். மூன்றாந்தரம் மதிலைப் பிடித்துக்கொண்டார்.

"வா போவம். வாறது வரட்டும்."

வாறது வரட்டுமாம்! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவரை அங்கேயே விட்டுவிட்டு உள்ளே ஓடினாள்.

"தங்கச்சி, பொய் சொல்லிப்போட்டன். இருக்கு. இடது தோளில ஷெல் துண்டு."

வாங்கில்களில் இருந்த சனத்தின் பேச்சு நின்றது. நபீஸா படிவத்தை வெட்டித் திருத்தினாள். முதலில் எக்ஸ்ரே, அதைப் பார்த்துத்தான் மற்றது. பொலிஸ்காரன் எழும்பி வந்து, தெரிந்த தமிழில் பெயரும் விலாசமும் கேட்டுக் கொப்பியில் எழுதினான்.

"நாளைக்கு ரெண்டு பேரும் ஸ்டேஷனுக்கு வரவேணும்."

பின்னாலேயே வந்திருந்த இராசதுரையின் முகம் கறுத்துவிட்டது.

"பதினேழு வருசம் ஒளிச்சதை இப்பிடிப் போட்டுடைச்சிட்டியே?"

"செத்த ஆளை ஆரிட்ட ஒளிக்கிறது?" என்று கத்தியவளுக்கு அழுகை வந்துவிட்டது.

இராசதுரை திரும்பி நடந்தார். எக்ஸ்ரே அறை வாசலில், அத்தனை பேர் பார்த்திருக்க, மெல்ல மெல்லச் சேட்டுப் பொத்தான்களைக் கழற்றத் தொடங்கினார்.