தண்டனைக்கென்று ஒரு சீமை

கணக்கு வாத்தியார் வந்துவிட்டார் என்று கேள்விப்பட்டதும், பாதி அலசிய மீனை அப்படியே மூடி வைத்துவிட்டுப் பள்ளிக்கு ஓடினாள் சல்மா. மகள் தஸ்னீம் பத்தாம் வகுப்பு. ஏழு மாதமாகக் கணக்குக்கு ஆள் இல்லை. பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி என்ற முறையில் புதுமடத்திலிருந்து இராமநாதபுரத்துக்கு பஸ் ஏறி, மூன்று முறை மனுக் கொடுத்தவள் அவள்தான்.

ஆசிரியர் அறை வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே புது வாத்தியாரின் குரல் கேட்டது.

“ஒரு பையனை அறைஞ்சேன் சார். காது போயிடுச்சுன்னு பெத்தவங்க கலாட்டா பண்ணிட்டாங்க. அதுக்குப் போய் இந்தத் தண்ணியில்லாக் காட்டுல தூக்கிப் போட்டுட்டாங்க.”

தலைமையாசிரியர் சேதுராமன் வாசலில் நின்றவளைப் பார்த்துவிட்டார். வெளியே வந்து தணிந்த குரலில் சொன்னார்: “பெருசு பண்ணாதம்மா. இவரையும் விட்டா இந்த வருசம் கணக்குக்கு ஆளே வராது.”

தண்ணியில்லாக் காடு. சினிமாவில் அதிகாரி மிரட்டும்போதெல்லாம் கேட்ட வார்த்தைதான். கொட்டகையில் எல்லோரோடும் சேர்ந்து அவளும் சிரித்திருக்கிறாள். இன்று அந்தச் சிரிப்பை நினைக்க உடம்பு கூசியது. அங்கே ஒரு பிள்ளையின் காதைக் கெடுத்த கை, இங்கே தஸ்னீமின் வகுப்பில் சாக்பீஸ் பிடிக்கப் போகிறது.

மறுநாளே, இவருக்குப் பதில் வேறு வாத்தியார் கேட்டு எழுதிய மனுவோடு கல்வி அலுவலகத்துக்குப் போனாள். மனுவைப் படித்த எழுத்தர் தங்கப்பாண்டி லேசாகச் சிரித்தார்.

“நமக்கு இப்படித்தான்க்கா வருவாக. நல்லா வேலை பாக்குறவுகளை இங்கன யாரு அனுப்புவா?”

“உங்களுக்கு எந்த ஊரு?”

“இதே ஜில்லாதான்க்கா, கமுதிப் பக்கம்.”

“பெறகு எப்படிச் சிரிக்கிறீக?” சல்மாவின் குரலில் அறையே திரும்பிப் பார்த்தது. “அவரு தப்புப் பண்ணிட்டு வந்தாரு. எம் புள்ள என்ன தப்புப் பண்ணி இங்கன பொறந்துச்சு? மேடை போட்டா சேதுபதி ஆண்ட சீமைங்கிறாக. பாவத்தைக் கழுவ காசியிலேர்ந்து ராமேஸ்வரம் வாராக. கவர்மெண்டு என்னடான்னா பாவத்தையே மூட்டை கட்டி நம்ம தலையில இறக்குது. நீங்களும் முத்திரை குத்தி வாங்கி வைக்கிறீக!”

தங்கப்பாண்டி மனுவில் முத்திரையைக் குத்தினார். ஒப்புகைச் சீட்டை நீட்டும்போது, “நாளாகும்க்கா,” என்று மட்டும் சொன்னார்.

நாளாகும். அதுவரை பிள்ளைகளுக்குக் கணக்கும் வேண்டும், காதும் வேண்டும்.

திங்கட்கிழமை முதல் பாடவேளை. சல்மா வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி வந்து பத்தாம் வகுப்பு வாசலில் போட்டு உட்கார்ந்தாள். “என்னம்மா இது?” என்றார் வாத்தியார்.

“நீங்க நடத்துங்க சார். நான் பாத்துக்கிட்டு இருக்கேன்.”

சற்று நேரத்தில், கருவாட்டுக் களத்தில் வேலையைப் போட்டுவிட்டு சோலையம்மாளும் வந்தாள். அவள் மகனும் அதே வகுப்பு. சல்மாவின் பக்கத்தில் வெறுந்தரையிலேயே உட்கார்ந்தாள். வாத்தியார் கரும்பலகைப் பக்கம் திரும்பி ஒரு சமன்பாட்டை எழுத ஆரம்பித்தார். இரண்டு பெண்களும் எழுத்தைப் பார்க்கவில்லை. அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.