ரூஸ்கா கண்ட பறவை

ரூஸ்காவை மருத்துவரிடம் கொண்டுபோன காலையில் அக்காவும் தம்பியும் போட்ட முதல் சண்டை போர்வைக்காக. நீலப் போர்வைதான் மெத்தென்று இருக்கும் என்றாள் மர்யுக்கா. பச்சைதான் நாய்க்குப் பிடித்தது என்றான் ஆர்ட்டோ. ரூஸ்கா இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வாசலில் கிடந்த அழுக்குக் கம்பளியின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டது. அதிலேயே சுற்றிக் காருக்குத் தூக்கினார்கள்.

வடக்குப் பனிநாட்டில், குஹ்மோ என்ற ஊரின் விளிம்பில், நடுச்சுவர் வைத்துப் பிரித்த ஒரே வீட்டில் அவர்கள் குடியிருந்தார்கள். பள்ளிப் பேருந்து ஓட்டும் மர்யுக்கா ஒரு பக்கம். மர ஆலையில் வேலை பார்க்கும் ஆர்ட்டோ மறு பக்கம். இருவருக்கும் ஐம்பது வயதை ஒட்டி இருக்கும். அவளுடைய பிள்ளைகள் தெற்கே வேலைக்குப் போய்விட்டார்கள். அவன் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக இருந்தது நாய் மட்டும்தான். அது காலையில் இந்தச் சமையலறையில் சாப்பிட்டுவிட்டு, பட்டினி கிடந்த முகத்தோடு அந்தச் சமையலறைக்கும் போய் நிற்கும்.

செம்பட்டை நிறம், நரி முகம், முதுகின் மேல் சுருண்ட வால். அந்தச் சாதி நாய்க்குக் காட்டில் ஒரே ஒரு வேலை. மரத்தில் காட்டுக்கோழி உட்கார்ந்திருப்பதைக் கண்டுபிடித்து, அடியில் நின்று குரைத்துக்கொண்டே இருக்க வேண்டும். பறவை நாயையே முறைத்துக்கொண்டிருக்கும்போது வேட்டைக்காரர் பின்னால் வந்துவிடுவார். ஆர்ட்டோ ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் ரூஸ்காவைக் காட்டுக்குக் கூட்டிப்போனான். அது காளானைப் பார்த்துக் குரைத்தது. தபால் வண்டியைப் பார்த்துக் குரைத்தது. ஒருமுறை, வழி தெரிகிறதா என்று பார்க்க மரத்தில் ஏறிய ஆர்ட்டோவையே பார்த்து வெகுநேரம் குரைத்தது. பறவை மட்டும் அதன் கண்ணில் படவே இல்லை. மூன்றடி தள்ளி ஒரு பெரிய சேவல் படபடத்துப் பறந்தபோது ரூஸ்கா எறும்புப் புற்றை முகர்ந்துகொண்டிருந்தது.

இப்போது அதற்கு வயதாகிவிட்டது. மண்ணீரலில் கட்டி என்று போன வாரம் கால்நடை மருத்துவர் பிர்யோ சொல்லியிருந்தார். அறுக்கவும் வழியில்லை. மூன்று நாளாக அது எதையும் தொடவில்லை. ஆர்ட்டோ கலைமான் ஈரலை வெண்ணெயில் வதக்கி வைத்தான். மர்யுக்கா கையாலேயே ஊட்டிப் பார்த்தாள். ரூஸ்கா மரியாதைக்கு ஒருமுறை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. அதன்பிறகுதான் அவள் பிர்யோவுக்குப் போன் போட்டாள்.

காரில் கிளம்பினார்கள். ஏப்ரல் மாதம், சாலை ஓரத்தில் பனி அழுக்காக உருகிக்கொண்டிருந்தது. பாலத்தைத் தாண்டும்போது பின் இருக்கையிலிருந்து மெல்ல ஒரு நாற்றம் கிளம்பியது. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பொறுத்துக்கொண்டார்கள்.

"நீயாடா?" என்றாள் மர்யுக்கா.

"செத்துப்போகப்போற நாய் மேல பழி போட எனக்கு மனசு வரல. நான்தான்னு வச்சுக்க."

அவள் சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்தாள். கண்ணாடியை இறக்கப் பார்த்தாள். அது பாதியில் சிக்கிக்கொண்டு கீச்சென்றது. அந்தச் சத்தத்தில் சிரிப்பு மூக்கு வழியாக வந்துவிட்டது. மருத்துவமனை வாசலுக்கு வரும்போது இருவருக்கும் கண்ணெல்லாம் தண்ணீர். எது அழுகை, எது சிரிப்பு என்று அவர்களுக்கே தெரியவில்லை.

காத்திருக்கும் அறையில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தார். எழுபது வயது இருக்கும் பெண்மணி; முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், மடியில் துவாலை சுற்றிய பொதி. மர்யுக்கா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். ஆர்ட்டோ நாயைக் கம்பளியோடு தரையில் கிடத்தினான்.

"என்ன உடம்புக்கு?" என்று கேட்டார் அந்தப் பெண்மணி.

"வழியனுப்ப வந்திருக்கோம்," என்றாள் மர்யுக்கா.

அவர் தலையை ஆட்டினார். கொஞ்சம் கழித்துத்தான் தன் பெயர் கெர்ட்டு என்றும், வந்தது தனக்காக இல்லை என்றும் சொல்லித் துவாலையை விலக்கிக் காட்டினார். உள்ளே ஒரு பழுப்புக் கோழி கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. "முட்டை உள்ளயே சிக்கிக்கிச்சும்மா. நேத்து வெந்நீர்ல உக்கார வச்சேன். எண்ணெய் தடவினேன். பாட்டுக்கூடப் பாடினேன். அசையமாட்டேங்குது."

அந்த நேரத்தில்தான் கம்பளி அசைந்தது.

ரூஸ்கா தலையைத் தூக்கியது. மூக்கு இரண்டு தடவை துடித்தது. முன்கால் ஊன்றியது, பின்கால் ஊன்றியது, நடுங்கிக்கொண்டே எழுந்து நின்றது. நாள்கணக்காகத் தொங்கிக் கிடந்த வால் மேலே ஏறி முதுகின் மேல் சுருண்டது.

"அக்கா," என்றான் ஆர்ட்டோ கிசுகிசுப்பாக. "பாரேன்."

கோழி ஒரு கண்ணைத் திறந்தது. எதிரே நரி முகம். அவ்வளவுதான், துவாலை ஒரு பக்கம், கெர்ட்டு ஒரு பக்கம், இறகு நாலா பக்கமும் பறக்க, கோழி அவர் தோளில் ஏறி, அங்கிருந்து தாவிப் பூனைத்தீனி அடுக்கிய அலமாரியின் உச்சியில் போய் உட்கார்ந்தது.

ரூஸ்கா அலமாரிக்கு அடியில் போய் நின்றது. கழுத்தை நிமிர்த்தி மேலே பார்த்தது. பிறகு குரைக்கத் தொடங்கியது. வீட்டில் குரைக்கிற கண்டபடி குரைப்பு இல்லை. ஒரே தாளத்தில், விட்டுவிடாமல், கணீரென்று, அதன் முன்னோர்கள் காட்டில் குரைத்த குரைப்பு. கோழி மேலே உறைந்துபோய் நாயையே முறைத்துக்கொண்டிருந்தது.

"கண்டுபிடிச்சுட்டான்," என்றான் ஆர்ட்டோ. "அக்கா, பறவையக் கண்டுபிடிச்சுட்டான்."

"துப்பாக்கி கொண்டாந்தியா?"

"கொன்னுடுவேன் ரெண்டு பேரையும்," என்றார் கெர்ட்டு. ஆனால் அவர் தோளும் குலுங்கிக்கொண்டிருந்தது.

சத்தம் கேட்டு உள்ளறையிலிருந்து பிர்யோ ஓடி வந்தார். அவர் கதவைத் திறந்த நொடியில் கோழி எழுந்து நின்று, இறக்கையை அகட்டி, பெரிய மூச்சு ஒன்றை விட்டது. முட்டை வெளியே வந்தது. அலமாரி விளிம்பில் ஒரு சுற்று உருண்டு, சரியாக ரூஸ்காவின் மூக்குக்கு முன்னால் விழுந்து உடைந்தது.

குரைப்பு நின்றது. ரூஸ்கா கீழே பார்த்தது. பிறகு நிதானமாக மஞ்சள், வெள்ளை, ஓட்டுத்துண்டு எல்லாவற்றையும் நக்கித் தரையைச் சுத்தமாக்கியது.

மர்யுக்கா நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஆர்ட்டோ சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றான். வயிறு வலிக்க, மூச்சு முட்ட, ஒருவர் நிறுத்தினால் அடுத்தவர் தொடங்க, நான்கு பெரியவர்கள் அந்தச் சின்ன அறையில் சிரித்தார்கள். பிர்யோ கண்ணைத் துடைத்துக்கொண்டே, "இந்த வைத்தியத்தை எந்தக் காலேஜ்லயும் எனக்குச் சொல்லித்தரல," என்றார்.

உள்ளறைக்குப் போனதும் மர்யுக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "டாக்டர், அவன் சாப்பிட்டான். நீங்களே பாத்தீங்க. ஒருவேளை..."

பிர்யோ தரையில் மண்டியிட்டு, ரூஸ்காவின் உதட்டைத் தூக்கிக் காட்டினார். ஈறு காகிதம்போல வெளுத்திருந்தது. வயிற்றை மெல்ல அழுத்திப் பார்த்தார்.

"உள்ள ரத்தம் கசிஞ்சுக்கிட்டே இருக்கு, மர்யுக்கா. இன்னைக்கோ நாளைக்கோ கட்டி உடைஞ்சு மொத்தமா வந்துடும். அப்ப மூச்சு திணறும், பயந்துபோவான். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்னா நான் தடுக்கமாட்டேன். ஆனா இதைவிட நல்ல நாள் அவனுக்கு வருமான்னு கேட்டா, வராது."

மர்யுக்கா தம்பியைப் பார்த்தாள். வழக்கமாக எல்லாவற்றுக்கும் மறுத்துப் பேசுகிறவன் அவன்.

"ஜெயிச்சுட்டு நிக்கிறான்க்கா," என்றான் ஆர்ட்டோ. "இப்படியே போகட்டும்."

மேசையில் வேண்டாம் என்று தரையிலேயே உட்கார்ந்தார்கள். தலை மர்யுக்காவின் மடியில், பின்னங்கால்கள் ஆர்ட்டோவின் தொடைமேல். தூக்க ஊசி போட்டதும் ரூஸ்காவின் கண் சொக்கியது. மீசையில் மஞ்சள் கரு ஒட்டியிருந்தது. மர்யுக்கா அதைத் துடைக்கக் கையை நீட்டினாள்.

"தொடைக்காத," என்றான் ஆர்ட்டோ. "அது அவனோட மெடல்."

அவளுக்கு விக்கலோடு மறுபடியும் சிரிப்பு கிளம்பியது. அவளைப் பார்த்து அவனுக்கு. கடைசி ஊசியைக் கையில் வைத்திருந்த பிர்யோ, "ஒரு நிமிஷம் இருங்க, எனக்குக் கை ஆடுது," என்று ஊசியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். வீட்டில் யார் சிரித்தாலும் வாலை ஆட்டுகிற நாய் அது. தூக்கத்திலும் அதன் வால் தரையில் தட்டியது. அவர்கள் சிரித்தார்கள், வால் தட்டியது. அது தட்டுவதைப் பார்த்து இன்னும் சிரித்தார்கள். தலையைத் தடவிக்கொண்டே, "கெட்டிக்காரன், பெரிய வேட்டைக்காரன்," என்று மர்யுக்கா சொல்லிக்கொண்டே இருந்தாள். பிர்யோ ஊசியைப் போட்டார். தட்டல் மெதுவானது. ஒரு தட்டு. வெகுநேரம் கழித்து இன்னொன்று. பிறகு இல்லை.

பிர்யோ நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டுத் தலையை அசைத்தார்.

ஆர்ட்டோ ரூஸ்காவின் காதை விரல்களுக்கு நடுவில் பிடித்துக்கொண்டிருந்தான். அப்போது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, முட்டையிட்ட பெருமை இப்போதுதான் உறைத்ததுபோல, கோழி முழுத் தொண்டையில் கொக்கரிக்கத் தொடங்கியது.

"நேரங்கெட்ட கோழி," என்றான் ஆர்ட்டோ. அவன் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, வாய் சிரித்துக்கொண்டிருந்தது.

தோட்டத்து மண் இன்னும் உறைந்து கிடந்ததால் தகனத்துக்கு நாயைப் பிர்யோவிடமே விட்டார்கள். வெளியே வந்தபோது கெர்ட்டு கிளம்பாமல் நின்றுகொண்டிருந்தார். துவாலைக்குள் கோழி பிரகாசமான கண்களோடு சுற்றிலும் பார்த்தது.

"உங்க நாய்க்கு நன்றி சொல்லாமப் போக மனசு வரல," என்றார். "சொல்லவும் தெரியல. காபி வாங்கித் தரட்டுமா?"

பெட்ரோல் பங்க் காபிக் கடையில் மூவரும் உட்கார்ந்தார்கள். கோழி காரில் ஹீட்டர் சூட்டில் இருந்தது. சர்க்கரை ஒட்டிய உருண்டை வடைபோன்ற முங்கியை ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டார்கள். ஆர்ட்டோ ஒரு வாய் கடித்தான். பிறகு அப்படியே தலையைக் குனிந்து, தோள் குலுங்க, சத்தமில்லாமல் அழுதான். இந்த முறை அதில் சிரிப்பு இல்லை. மர்யுக்கா அவன் முதுகில் கையை வைத்தாள். கெர்ட்டு காகிதக் கைக்குட்டைகளைக் கட்டாக எடுத்து அவன் தட்டின் பக்கத்தில் வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார்.

மேசை துடைக்க வந்த பெண் தயங்கி நின்றாள். "ஏதாவது ஆயிடுச்சா?"

"எங்க நாய் செத்துப்போச்சு," என்றாள் மர்யுக்கா. "ஆனா அதுக்கு முன்னாடி ஒண்ணு நடந்தது. உக்காரு, சொல்றேன்."

அவள் சொல்ல ஆரம்பித்தாள். கோழி கண் திறந்த இடத்திலேயே பேச முடியாமல் நின்றுவிட்டாள். மிச்சத்தைக் கெர்ட்டு சொன்னார். அலமாரி வந்ததும் ஆர்ட்டோ மூக்கைச் சிந்திவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"கோழி எவ்வளவு உயரத்துல இருந்துச்சு?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

ஆர்ட்டோ எழுந்து நின்று, தலைக்கு மேல் கையை எட்டின மட்டும் தூக்கிக் காட்டினான்.

"பொய்," என்றாள் மர்யுக்கா. "இதோ, என் தோள் உயரம்தான்."

"இருக்கட்டும் விடும்மா," என்றார் கெர்ட்டு, விரலில் ஒட்டிய சர்க்கரையை நக்கிக்கொண்டே. "நாளைக்கு இன்னும் கொஞ்சம் உயரும்."